ஆடியை ஆற்றும் காற்று

மலையகத்தில் சொந்தக் கையால் தொலைகாட்டி செய்து கோள்களைப் பார்க்கிறவர்கள், உருவம் கலங்கினால் உடனே வானத்தைத்தான் குறை சொல்கிறோம். மலைக்காற்று அப்படித்தான் என்று சொல்லிக் குழாயை மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போகிறோம். மழை ஓய்ந்த பெப்ரவரி இரவுகளில் இந்தப் பழி பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது என்பது என் உறுதியான எண்ணம். கலக்கம் வானத்தில் இல்லை. குழாயின் அடியில், நாமே மாதக்கணக்கில் தேய்த்து மெருகேற்றிய அந்தக் கண்ணாடி வட்டில், அதாவது ஒளியைக் குவிக்கும் ஆடியில் இருக்கிறது. அது இன்னும் வீட்டின் வெப்பத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதை ஆற்றுவதற்குப் பழைய கணினியிலிருந்து கழற்றிய ஒரு சிறு மின்விசிறி போதும். ஆனால் அதை முதல் ஒரு மணி நேரம் ஓடவிட்டு நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். நம் மலைகளில் அது இரவு முழுவதும் ஓட வேண்டும். ஏன் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

பிளேன்டீயை ஊதி ஆற்றுவதை நினைத்துப் பாருங்கள். கோப்பையின் மேல் சூடான காற்றும் நீராவியும் ஒரு போர்வைபோலப் படிந்திருக்கும். நாம் ஊதும்போது அந்தப் போர்வை விலகுகிறது, புதிய குளிர்ந்த காற்று தேநீரைத் தொடுகிறது. தேநீரில் நீர் ஆவியாவதும் சேர்ந்து வேலை செய்கிறது, கண்ணாடியில் அந்த உதவி இல்லை. மற்றபடி கதை ஒன்றுதான். 200 மில்லிமீற்றர் விட்டமும் 25 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஒரு கண்ணாடி ஆடியின் நிறை ஏறத்தாழ 2 கிலோகிராம். அது 10 பாகை செல்சியஸ் குளிர வேண்டுமானால் 16,500 யூல் அளவு வெப்பத்தை இழக்க வேண்டும். 200 மில்லிலீற்றர் தேநீர் 20 பாகை ஆறும்போது வெளிவிடுவதும் ஏறத்தாழ இதே அளவுதான். ஒரு கோப்பைத் தேநீரின் வெப்பம் என்றால் சிறிதாகத் தோன்றும். ஆனால் கொதிக்கும் தேநீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருப்பதால் தேநீர் விரைவாக ஆறுகிறது. ஆடிக்கும் காற்றுக்கும் இடையில் இருப்பதோ ஒருசில பாகைகள்தான். அந்தச் சிறு இடைவெளியில் வெப்பம் கசிந்து கசிந்துதான் வெளியேறும். கண்ணாடியும் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். செம்பு அதைவிட முந்நூறு மடங்குக்கும் அதிகமாகக் கடத்தும்.

சரி, ஆடி சற்றுச் சூடாக இருந்தால் என்ன கெட்டுவிடும்? ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால்தான் இதன் விபரீதம் புரியும். காற்றின் முறிவுச் சுட்டி, அதாவது வெற்றிடத்தைவிட ஒளி அதில் எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பதைக் காட்டும் எண், 1.0003 ஐ ஒட்டியது. காற்று 1 பாகை சூடேறினால் அந்த எண் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆடியின் முகத்திலிருந்து 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு, சுற்றியுள்ள காற்றைவிட 1 பாகை சூடான காற்றுத் திரள் ஒன்று எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஊடாக வரும் ஒளியின் பாதை 100 நனோமீற்றர் மாறும். ஒளி ஆடியில் பட்டுத் திரும்பி மறுபடியும் அதே திரளைக் கடப்பதால் 200 நனோமீற்றர் ஆகிறது. பச்சை ஒளியின் அலைநீளம் 550 நனோமீற்றர். அலைப் பிழை அதில் கால் பங்குக்குள், அதாவது 137 நனோமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது தொலைகாட்டி செய்கிறவர்களின் பழைய அளவுகோல். ஆடியின் வளைவை அந்த அளவுக்குள் கொண்டுவரத்தான் அத்தனை இரவுகள் தேய்க்கிறோம், சோதிக்கிறோம், மறுபடி தேய்க்கிறோம். அந்த உழைப்பு முழுவதையும் ஒரேயொரு பாகை வெப்பம் தின்றுவிடுகிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம். காற்று மெலிவதால் இந்த 200 நனோமீற்றர் 160 ஆகக் குறையும். அது நமக்குக் கிடைக்கும் சிறு சலுகை, ஆனால் அப்போதும் எல்லையைத் தாண்டிவிடுகிறது. காற்று மெலிந்தால் வெப்பத்தை அள்ளிச் செல்லும் திறனும் குறையும் என்பதால் சலுகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

சூடான காற்று ஒரே தடிப்பாக, அசையாமல் படிந்திருந்தால் தீங்கில்லை. எல்லா ஒளிக்கதிர்களும் ஒரே அளவு மாறுவதால் உருவம் கெடாது. அது அப்படிப் படிந்திருப்பதில்லை. மேற்காவுகையினால், அதாவது சூடான காற்று மேலெழும் இயல்பினால், திட்டுத் திட்டாகக் கிளம்பி, குழாயின் சுவரோரமாக ஏறி, நடுவில் சுருண்டு, மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வியாழன் ஓடும் ஆற்றின் அடியில் கிடக்கும் நாணயம்போல நெளிகிறது.

இந்தத் தொல்லை நம்மைப்போல வீட்டில் செய்கிறவர்களுக்கு மட்டும் வந்ததல்ல. கலிபோர்னியாவின் வில்சன் மலையில் 100 அங்குல விட்டமுள்ள தொலைகாட்டி 1917 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் திகதி இரவு முதன்முதலாக வானத்தை நோக்கித் திருப்பப்பட்டது. அன்றைக்கு உலகின் மிகப் பெரிய தொலைகாட்டி அது. அதன் ஆடி நான்கு தொன் எடையுள்ள கண்ணாடி. அதைக் கட்டுவித்த வானியலாளர் ஜோர்ஜ் எலரி ஹேல் கண்ணை வைத்துப் பார்த்தார். வியாழன் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த பல உருவங்களாகத் தெரிந்தது. அத்தனை ஆண்டு உழைப்பும் வீணாகிவிட்டதோ என்று அங்கிருந்தவர்கள் கலங்கிப்போனார்கள். பிறகுதான் காரணம் ஊகிக்கப்பட்டது. பகலில் வேலையாட்கள் கூரையைத் திறந்து வைத்திருந்ததால் வெயில் ஆடியின்மேல் விழுந்திருந்தது. ஹேல் படுக்கப் போனார், தூக்கம் வரவில்லை. அதிகாலையில் எழுந்து வந்து ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தார். அது கூர்மையான புள்ளியாக நின்றது. கண்ணாடி அதற்குள் ஆறியிருந்தது. ஆடியில் எந்தக் குறையும் இருக்கவில்லை. படம் கலங்கியதும் ஆடியை மறுபடி தேய்க்கத் தொடங்கிவிடும் நண்பர்களுக்கு இந்தக் கதையை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அதற்குப் பின் வந்தவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். பலோமர் மலையின் 200 அங்குல ஆடிக்கான கண்ணாடியை 1934 இல் வார்த்தபோது, பின்புறத்தைத் தேன்கூடுபோலக் குழிகளோடு அமைத்தார்கள். எடையைக் குறைப்பதோடு, கண்ணாடி எந்த இடத்திலும் பெருந்தடிப்பாக இல்லாமல் விரைவில் ஆற வேண்டும் என்பதும் நோக்கம். சிலியில் உள்ள மிகப் பெரிய தொலைகாட்டிகளில் 8.2 மீற்றர் ஆடிகளின் தடிப்பு 175 மில்லிமீற்றர் மட்டுமே. அவற்றைப் பகலிலேயே குளிரூட்டி, வரப்போகும் இரவின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நமக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஆறும் நேரத்தைத் தீர்மானிப்பது விட்டத்தைவிடத் தடிப்புத்தான். விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு தடிப்பு வேண்டும் என்ற பழைய விதியைப் பிடித்துக்கொண்டு கனத்த கண்ணாடியைத் தேடுகிறவர்கள், ஆறும் நேரத்தையும் சேர்த்து விலைக்கு வாங்குகிறார்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். பெப்ரவரியில் நுவரெலியாவில் பகல் 20 பாகையைத் தாண்டும். தெளிந்த இரவின் முடிவில் 10 பாகைக்கும் கீழே இறங்கும். சில விடியற்காலைகளில் துகள் பனி படிந்து கொழுந்து கருகும். வெப்பநிலை ஓர் இடத்தில் இறங்கி நின்றுவிடுவதில்லை, மாலையிலிருந்து விடியும்வரை இறங்கிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தொலைகாட்டியைக் கொஞ்சம் முன்னதாக வெளியே வைத்துவிட்டால் ஆறிவிடும் என்கிறார்கள். காற்றின் வெப்பநிலை மாறாமல் நிற்கும் இடத்தில் அது சரி. காற்றே குளிர்ந்துகொண்டு போகும் இடத்தில் ஆடி அதன் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், எட்டிப் பிடிக்காது.

எவ்வளவு பின்தங்கும் என்பதைக் கணக்குப் போடலாம். நாம் எடுத்துக்கொண்ட 25 மில்லிமீற்றர் ஆடியின் பின்புறம் பலகையால் அடைபட்டிருக்கிறது, காற்றும் அசையவில்லை என்று கொள்வோம். ஆடிக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் தொடக்கத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடிய அளவாகச் சுருங்குவதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இதை ஆடியின் ஆறும் காலம் என்று வைத்துக்கொள்வோம். காற்று மணிக்கு ஒன்றரைப் பாகை வீதம் குளிர்ந்தால், ஆடி நிரந்தரமாகப் பின்தங்கும் அளவு இந்த இரண்டையும் பெருக்கினால் வருவது. அதாவது இரண்டேகால் பாகை. எட்டு மணிக்கு வெளியே வைத்தாலும் ஆறு மணிக்கு வைத்தாலும் நள்ளிரவில் ஆடி இரண்டு பாகைக்கு மேல் சூடாகவே இருக்கும். மின்விசிறி இரு முகங்களிலும் காற்றை ஓட்டினால் ஆறும் காலம் 25 நிமிடத்துக்குள் வந்துவிடும், பின்தங்கும் அளவு ஏறத்தாழ 0.6 பாகையாகக் குறையும். விசிறியை நிறுத்துங்கள், சற்று நேரத்தில் ஆடி மறுபடி பின்தங்கத் தொடங்கும்.

தேர்ந்தெடுக்கும் இடமும் கணக்கில் சேரும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். பள்ளத்துத் தேயிலைதான் முதலில் கருகும் என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். ஆகவே பள்ளத்தில் வைத்த தொலைகாட்டி விரைவாகக் குளிரும் காற்றைத் துரத்த வேண்டியிருக்கும். சரிவின் நடுப்பகுதியில் இந்த ஓட்டம் சற்று மெதுவாகும். லயத்துக் கூரையின் தகரத்துக்கும் சீமெந்துத் தரைக்கும் விலகி, புல்தரையில் வைப்பதும் நல்லது. சீமெந்து பகல் வெயிலை நெடுநேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும்.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருப்பது நமக்கு ஒரு வரம். வியாழனும் சனியும் உச்சத்தில் வரும்போது அடிவானிலிருந்து 55 பாகைக்குக் குறையாமல் நிற்கின்றன, பல ஆண்டுகளில் தலைக்கு நேரே வருகின்றன. இலண்டனில் இருப்பவர் கண்டு பொறாமைப்படக்கூடிய உயரம் அது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. குழாய் நிமிர்ந்து நிற்கிறது, ஆடி மேல்நோக்கிக் கிடக்கிறது, அதிலிருந்து எழும் சூடான காற்று முழுவதும் நேராகக் குழாயின் ஊடாக மேலே ஏறுகிறது. நிமிர்ந்த குழாய் ஒரு புகைபோக்கி. சரிந்த குழாயில் வெப்பம் மேற்சுவரோடு ஒட்டி ஏறி ஒளிப்பாதையின் ஓரத்தோடு போய்விடும். நமக்கு அந்த வசதி இல்லை. மின்விசிறி வேறெங்கும் இருப்பதைவிட இங்கே அதிகம் தேவை என்று நான் நினைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

விசிறியை எப்படிப் பொருத்துவது? 12 வோல்ட்டில் ஓடும் 80 அல்லது 120 மில்லிமீற்றர் கணினி விசிறி போதும். ஆடியின் பின்னால், நடுவில் வைக்க வேண்டும். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஆடிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையிலும், பின்பலகைக்கும் குழாய்க்கும் இடையிலும் உள்ள இடைவெளிகளால் காற்று தன் இஷ்டத்துக்குத் தப்பிவிடும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தொட்டியின் அடியிலிருந்து விசிறி காற்றைத் தள்ளுகிறது. கொழுந்தைச் சமமாகப் பரப்பாவிட்டால் மெல்லிய இடம் பார்த்துக் காற்று வெளியேறிவிடும், மற்றக் கொழுந்து வாடாது. இங்கேயும் பின்பலகையை மூடி, விசிறிக்கு மட்டும் துளைவிட்டு, காற்று ஆடியின் பின்முதுகைத் தடவி விளிம்பைச் சுற்றித்தான் போக முடியும் என்றாக்க வேண்டும்.

காற்றை உள்ளே தள்ளுவதா, வெளியே இழுப்பதா என்ற வாதம் ஓயாதது. உள்ளே தள்ளினால் ஆடியின் பின்புறம் நன்றாக ஆறும், ஆனால் அந்த வெப்பம் ஒளிப்பாதைக்குள் வரும். புல்லிலிருந்து தூசும் பூச்சியும் வரும், ஒரு நைலோன் வலை கட்ட வேண்டும். வெளியே இழுத்தால் ஆடியின் முகத்தில் எழும் சூடான காற்று விளிம்பால் கீழிறங்கிப் பின்னால் போய்விடும். புகைபோக்கியைத் தலைகீழாக்குவதற்கு ஒப்பானது அது. அதனால் பார்க்கும் நேரத்தில் மெதுவான இழுப்பையே நான் விரும்புகிறேன். ஒரு எச்சரிக்கை: நியூட்டன் வகைத் தொலைகாட்டியில் கண்வில்லை குழாயின் வாயருகே இருப்பதால், பார்க்கிறவரின் மூச்சும் உடல் வெப்பமும் உள்ளே உறிஞ்சப்படும். குளிரில் வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்திருப்பீர்கள், அது ஆடிக்குப் போக வேண்டியதில்லை. குழாயின் வாயைக் கறுப்பு அட்டையால் ஒரு முழம் நீட்டிவிட்டால் போதும்.

பின்விசிறியால் ஆடி ஆறும்வரை காத்திருக்க வேண்டும். உடனடிப் பலன் தருவது பக்கவிசிறி. ஆடியின் முகத்துக்குச் சற்று மேலே குழாயின் பக்கத்தில் துளையிட்டு, காற்று ஆடியின்மேல் குறுக்காக ஓடும்படி ஒரு விசிறியை வைக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் காற்று வெளியேறத் துளைகள் இருக்க வேண்டும். ஆடி இன்னும் சூடாக இருந்தாலும், முகத்தில் படிந்த சூடான அடுக்கைக் கலைத்து ஒரே சீராகக் கலந்துவிடுவதால் உருவம் நொடிகளில் தெளியும். காற்றைக் கிளறினால் படம் மோசமாகுமே என்று தோன்றும். உண்மையில் கெடுதல் செய்வது பெரிய, மெதுவான, கலக்காத திட்டுகள்தான். குழாயைத் துளைக்க மனம் வராதவர்கள் ஓர் இரவு கையில் விசிறியைப் பிடித்துச் சோதித்துப் பார்க்கலாம்.

சாதாரண சன்னல் கண்ணாடியில் ஆடி செய்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது வெப்பத்தில் விரியும் அளவு பைரெக்ஸ் வகைக் கண்ணாடியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. பின்புறம் முன்புறத்தைவிட விரைவாக ஆறினால் ஆடி மெல்ல வளையும், குவியம் நகரும். மறுபடி குவியத்தைச் சரிசெய்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை. விளிம்பு மட்டும் முதலில் ஆறுவது மோசமானது, அதைக் குவியத்தால் திருத்த முடியாது. காற்று விளிம்பில் மட்டும் அல்லாமல் முதுகு முழுவதும் படும்படி செய்யச் சொல்வது அதனால்தான்.

அதிர்வு ஒரு தொல்லை. விசிறியைத் திருகாணியால் பலகையில் இறுக்கினால் 200 மடங்கு உருப்பெருக்கத்தில் நட்சத்திரம் நடுங்கும். பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி, நான்கு மூலைகளிலும் கட்டித் தொங்கவிட்டால் அடங்கிவிடும். 12 வோல்ட் விசிறியை 7 முதல் 9 வோல்ட்டில் ஓட்டினால் சத்தமும் அதிர்வும் குறையும். 7 அம்பியர் மணி கொள்ளளவுள்ள சிறு பற்றரி, 0.15 அம்பியர் இழுக்கும் விசிறியை ஆறு மணி நேரம் ஓட்டினாலும் 1 அம்பியர் மணிகூடச் செலவாகாது. ஆகவே மின்சாரத்தை மிச்சம்பிடிக்க விசிறியை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

விசிறி வேலை செய்கிறதா என்று அறிய ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் குவியத்திலிருந்து விலக்கிப் பெரிய வட்டமாக்கிப் பாருங்கள். வட்டத்தின் குறுக்கே வேகமாக ஓடும் கோடுகள் உயர் வானத்துக் காற்று, அதற்கு நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை. மெதுவாகச் சுருண்டு எழும் நிழல்கள் குழாய்க்குள் இருப்பவை. உள்ளங்கையைக் குழாயின் வாய்க்கு முன்னால் நீட்டினால் அதிலிருந்து எழும் வெப்பமே புகைபோலத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசிறியைப் போடுங்கள். நிழல்கள் அடங்கினால் குற்றவாளி பிடிபட்டான். ஆடியின் பின்புறத்தில் ஒரு மலிவான எண்ணியல் வெப்பமானியை ஒட்டி, வெளிக்காற்றில் இன்னொன்றைத் தொங்கவிட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரவு முழுவதும் பார்க்கலாம். வித்தியாசம் 1 பாகைக்குள் வரும்போது உருவம் தெளியத் தொடங்கும்.

நியூட்டன் 1704 இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், காற்றின் நடுக்கத்துக்கு ஒரே மருந்து மிக அமைதியான காற்றுத்தான், உயர்ந்த மலைகளின் உச்சியில் தடித்த மேகங்களுக்கு மேலே அது கிடைக்கலாம் என்று எழுதினார். அவர் மனத்தில் இருந்த மலை மேகத்துக்கு மேலே நிற்பது. நம் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகால 2,524 மீற்றர்தான். நாம் மேகத்துக்குள் வாழ்கிறவர்கள். ஆகவே நம்முடைய காலத்தைத் தேர்ந்து எடுக்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச்வரை உலர்ந்த குளிர்காலம். திம்புள்ளைத் தேயிலை சிறந்து விளங்கும் பருவமும் அதுவே. பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஜூலை முதல் செப்ரெம்பர்வரை உலர்ந்த காற்று வீசும், ஊவாத் தேயிலைக்கு மணம் தருவது அந்தக் காற்றுத்தான். தேயிலைக்கு நல்ல பருவம் தொலைகாட்டிக்கும் நல்ல பருவம்.

அந்தப் பருவத்திலும் பனி உண்டு. தெளிந்த வானத்தை நோக்கியிருக்கும் எந்தப் பொருளும் வெப்பத்தைக் கதிர்களாக வீசி, காற்றைவிடக் குளிர்ந்துவிடும். பனிபடுநிலைக்குக் கீழே போனதும் ஈரம் படியும். ஆடியைக் காற்றின் வெப்பநிலையிலேயே பிடித்து வைத்திருக்கும் விசிறி இதையும் தடுக்கிறது. காற்று ஈரத்தால் முழுதாக நிரம்பாதவரை, காற்றின் அதே வெப்பநிலையில் உள்ள கண்ணாடியில் ஈரம் படியாது. ஒளியைக் கண்வில்லைக்குத் திருப்பிவிடும், வாயருகே உள்ள சிறு இரண்டாம் ஆடிதான் முதலில் நனையும், பின்விசிறி அதற்குப் பெரிதாக உதவாது. நள்ளிரவுக்குப் பின் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகிறது. ஏறி வரும் காற்று நீர்நிரம்பியது, சில வேளை ஆடியைவிட வெதுவெதுப்பானது. அப்போது விசிறி ஓடினால் ஈரத்தைத்தான் கொண்டுவந்து கொட்டும். இரவு முழுவதும் ஓட வேண்டும் என்ற என் விதிக்கு இது ஒன்றே விலக்கு. முதல் மூடுபனியைக் கண்டதும் விசிறியை நிறுத்தி, குழாயின் இரு வாய்களையும் மூடிவிட வேண்டும்.

மூடியபடியே உள்ளே கொண்டு போங்கள். குளிர்ந்த ஆடியை அடுப்பெரியும் வீட்டுக்குள் திறந்து வைத்தால் நொடியில் வேர்த்துவிடும். ஈரம் படிந்துவிட்டால் துணியால் துடைக்க வேண்டாம், உலர்ந்த அறையில் விசிறியைப் போட்டால் தானே காயும். தொலைகாட்டியை வைக்க அடுப்படிக்கு அருகேயுள்ள அறையைவிட வெளியே உள்ள விறகுக் கொட்டில் மேல், கூரை ஒழுகாமல் இருந்தால். மாலையில் அங்கிருந்து எடுக்கும்போது ஆடி பாதி ஆறியிருக்கும்.